கையொப்பமிட்ட அச்சோவியங்களைச் சேகரிப்பது எப்படி? சென்னையில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பெயர் பெற்ற தற்கால ஓவியர் ஒருவரின் கேன்வாஸை வாங்க லட்சக்கணக்கில் பணம் வேண்டும். அதே ஓவியர் தம் கையால் தகட்டில் வரைந்து, அச்செடுத்து, எண்ணிட்டுக் கையொப்பமிட்ட அச்சோவியத்தை, அந்த விலையில் ஒரு சிறு பகுதிக்கே வாங்கிவிடலாம். மாதச் சம்பளத்தில் வாழும் ஒருவர் கலைப் படைப்புகளைச் சேர்க்கத் தொடங்க இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கேன்வாஸ் வாங்கும்போது இல்லாத ஒரு சிக்கல் இதில் உண்டு. ஓரத்தில் 50 பிரதிகள் என்று எழுதியிருந்தால், வாங்குபவர் தாளோடு சேர்த்து ஒரு வாக்குறுதியையும் விலைக்கு வாங்குகிறார். 51ஆவது பிரதி எங்கும் இல்லை என்பதை அவரால் போய்ப் பார்த்துச் சரிபார்க்க முடியாது. ஆகவே புதியவர் கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்த வாக்குறுதியின் உறுதியைக் கணிக்கும் வழிகளே. மீதி, சென்னையின் ஈரக்காற்றிலிருந்து தாளைக் காப்பாற்றும் வழிகள்.

முதலில் அச்சுப் பட்டறையைப் பாருங்கள்

பணத்தை எடுப்பதற்கு முன், ஓர் அச்சோவியம் எப்படி உருவாகிறது என்பதை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிடுவது நல்லது. இந்த வகையில் சென்னைக்காரர்களுக்குக் குறையில்லை. கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் காட்சிக்கூடத்துடன் அச்சோவியப் பட்டறையும் இயங்கி வருகிறது. 1850இல் தொடங்கப்பட்ட அரசு கவின் கலைக் கல்லூரி எழும்பூரை ஒட்டிப் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் இருக்கிறது, அங்கு மாணவர்களின் படைப்புகள் காட்சிக்கு வரும் நாட்களை விசாரித்து வைத்துக்கொள்ளலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில், கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியால் 1966இல் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமத்தின் அருங்காட்சியகத்தில் சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளைப் பார்க்கலாம். அதே சாலையில் இன்னும் தெற்கே போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவின் வரிஜா காட்சிக்கூடம் இருக்கிறது. பட்டறைகளுக்குள் போக முன்னரே அனுமதி கேட்க வேண்டும். வேலை நடக்கும்போது ஓரமாக நின்று பார்க்க விரும்புகிறேன் என்று பணிவாகக் கேட்பவரைப் பெரும்பாலும் யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

எச்சிங் எடுக்கும் நாளில் போக வாய்த்தால் இன்னும் நல்லது. செம்பு அல்லது துத்தநாகத் தகட்டின் மீது மெழுகுப் பூச்சு இட்டு, ஊசியால் வரைந்து, அமிலத்தில் மூழ்க வைத்துக் கோடுகளைக் குழியாக்கியிருப்பார்கள். அச்செடுப்பவர் கெட்டியான மையைத் தகடு முழுவதும் தேய்த்து, மொடமொடப்பான வலைத்துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்து, கடைசியில் உள்ளங்கையின் ஓரத்தால் மெல்ல வழித்தெடுப்பார். மேற்பரப்பு பளபளக்கும், குழிகளில் மட்டும் மை நிற்கும். நீரில் ஊறவைத்து ஒற்றியெடுத்த தடித்த பருத்தித் தாளை அதன் மேல் இட்டு, கம்பளி விரிப்புகளால் மூடி, இரண்டு உருளைகளுக்கு நடுவே செலுத்துவார். மறுபக்கம் வந்ததும் தாளின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கும்போது, மையைத் தாள் உறிஞ்சிப் பிரியும் மெல்லிய ஓசை கேட்கும். தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய பள்ளம் படத்தைச் சுற்றி நிற்கும். அடுத்த பிரதிக்கு மை தேய்ப்பதிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். இதைப் பார்த்தவருக்கு இரண்டு உண்மைகள் தாமே விளங்கிவிடும்: ஒரே தகட்டிலிருந்து வந்த பிரதிகளுக்குள்ளும் சிறு வேறுபாடுகள் இருக்கும், ஐம்பது பிரதி என்பது சோம்பேறித்தனமாக எழுதப்பட்ட எண் அன்று, ஒரு மனிதர் பல நாள் உழைத்த உழைப்பு.

இந்தக் கலையில் நம் பக்கத்து வரலாறும் சிறியதன்று. ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியில் பிறந்து, 1940களின் இறுதியில் கலாக்ஷேத்திராவில் ஓவியப் பிரிவை நடத்திய கிருஷ்ணா ரெட்டி, பிறகு பாரிசில் அச்சோவியர் ஹேய்டர் நடத்திய அட்டெலியே 17 பட்டறையில் சேர்ந்து, மைகளின் பிசுபிசுப்பு வேறுபாட்டைப் பயன்படுத்தி ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஒரே அழுத்தத்தில் எடுக்கும் முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவரானார். 1957இல் தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன், விண்வெளிப் பயணமும் வரைபடமும் கணக்குக் கோடுகளும் கலந்த அச்சோவியங்களால் அறியப்பட்டவர். கிரீம்ஸ் சாலை மையத்தின் செயலராகவும் இருந்தவர். ஹைதராபாத்தின் லக்ஷ்மா கௌட், பரோடாவின் ஜோதி பட், மரச்செதுக்கில் தம் வாழ்வின் வீடுகளையும் எல்லைகளையும் கோடுகளாக்கிய ஜரினா ஹாஷ்மி ஆகியோரின் படைப்புகளைப் படப்புத்தகங்களிலாவது பார்த்துப் பழகிய கண், கடையில் தொங்குவதை எடைபோடத் தயாராகிவிடும்.

எது அசல் அச்சோவியம்?

இதற்கு நான் படித்த விளக்கங்களில் மிகத் தெளிவானது, வியப்பாக, சுங்க வரி அட்டவணையில் இருக்கிறது. அதன் 97ஆம் அத்தியாயத்தில் அசல் அச்சோவியங்களுக்கு 9702 என்ற தலைப்பு உண்டு. ஓவியர் முழுவதும் தம் கையால் உருவாக்கிய ஒன்று அல்லது பல தகடுகளிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்ட பிரதியே அசல். தகடு எந்தப் பொருளால் ஆனது, எந்த முறையில் அச்சிடப்பட்டது என்பது பொருட்டில்லை, ஆனால் இயந்திர முறையிலோ ஒளிப்பட முறையிலோ உருவாக்கப்பட்டிருந்தால் அதில் சேராது என்று அங்கே வரையறுத்திருக்கிறார்கள். புதியவர் மனத்தில் பதித்துக்கொள்ள இந்த ஒரு வரையறை போதும்.

மரத்திலோ லினோலியத்திலோ செதுக்கி மேட்டில் மை தடவி எடுப்பது, தகட்டின் குழியில் மை நிரப்பி எடுப்பது, கல்லின் மீது கொழுப்புப் பென்சிலால் வரைந்து எடுக்கும் லித்தோகிராப், துணித்திரை வழியாக மையை அழுத்தி எடுக்கும் ஸ்கிரீன் பிரிண்ட் ஆகியவை நான்கு பெரிய குடும்பங்கள். இவற்றில் எதுவாயினும், ஓவியர் அந்த அச்சுக்காகவே தகட்டையோ கட்டையையோ கல்லையோ திரையையோ செய்தார் என்றால் அது அசல்.

சிக்கல் தொடங்கும் இடம் வேறு. ஏற்கெனவே தீட்டிய கேன்வாஸைப் படம்பிடித்து, உயர்தர இங்க்ஜெட் இயந்திரத்தில் பருத்தித் தாளிலோ கேன்வாஸ் துணியிலோ அச்சிட்டு, ஓவியரின் கையொப்பத்தையும் எண்ணையும் வாங்கி விற்பதற்கு ஜிக்லே என்ற அழகான பிரெஞ்சுப் பெயரை 1990களின் தொடக்கத்தில் வைத்தார்கள். தாள் நல்லது, மை நீடிக்கும், கையொப்பமும் உண்மையானதே. ஆயினும் அதில் ஓவியரின் கை பட்ட இடம் கையொப்பம் மட்டுமே. என் கணக்கில் அது தரமான மறுபதிப்பு, அதற்குரிய விலையைத் தாண்டித் தரக் கூடாது. 500, 750 என்று பெரிய எண்களுடன் வருபவை பெரும்பாலும் இந்த வகையாகவே இருக்கும்.

இந்தியச் சந்தையில் மிகுதியாகப் புழங்கும் செரிகிராப்புகள், அதாவது ஸ்கிரீன் பிரிண்ட்டுகள், அசலுக்கும் மறுபதிப்புக்கும் நடுவே நிற்கின்றன. எம்.எஃப். ஹுசைன் போன்ற பெரிய ஓவியர்களின் கேன்வாஸைப் பார்த்து, தேர்ந்த தொழிலாளர்கள் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனித் திரை செய்து அச்சிட்டு, ஓவியரின் ஒப்புதலும் கையொப்பமும் பெற்று வெளியிட்டவை பல. கைவேலை அதில் நிறைய உண்டு. ஆனால் ஓவியரின் கை அன்று. வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். பட்ஜெட் ஒன்றாக இருக்கும்போது, பெரிய பெயரின் செரிகிராப்பைவிட அவ்வளவு பெயர் பெறாத ஓவியர் தாமே எடுத்த எச்சிங்கை நான் தேர்ந்தெடுப்பேன்.

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் ரவிவர்மா படங்களைப் பற்றியும் பலர் கேட்பார்கள். 1894இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகத்திலிருந்து வந்த ஓலியோகிராப்புகள், அதாவது எண்ணெய் ஓவியம் போலத் தோன்றும் வண்ண லித்தோ அச்சுகள், வீட்டுக்கு வீடு போய்ச் சேர வேண்டும் என்றே பெருவாரியாக அச்சிடப்பட்டவை. எண்ணும் கையொப்பமும் அவற்றுக்குக் கிடையாது. அது தனிச் சேகரிப்பு, தனி ஆர்வம், தனி விலைக் கணக்கு.

ஒளிப்படங்களுக்கும், கணினியிலேயே பிறக்கும் படைப்புகளுக்கும் மேற்சொன்ன வரையறை பொருந்தாது. அங்கே பிக்மென்ட் பிரிண்ட் எனப்படும், நிறமி மையால் எடுக்கும் இங்க்ஜெட் அச்சும் அசலே. 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலேக்குப் பிறகு இந்த நகரில் ஒளிப்படம் வாங்குவோரும் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஓரத்தில் உள்ள எண்ணிக்கை எல்லா அளவுகளுக்கும் சேர்த்தா, இந்த ஓர் அளவுக்கு மட்டுமா என்பது. பன்னிரண்டு அங்குலத்தில் பத்து, இருபது அங்குலத்தில் பத்து, நாற்பது அங்குலத்தில் ஐந்து என்று பிரித்துக்கொண்டால் உண்மையில் இருப்பவை 25 பிரதிகள்.

ஓரத்தில் உள்ளதைப் படித்தல்

வழக்கமாகப் படத்தின் கீழ் ஓரத்தில் இடப்பக்கம் எண்ணும், நடுவில் தலைப்பும், வலப்பக்கம் கையொப்பமும் ஆண்டும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். பென்சிலால் கையொப்பமிடும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஓவியர் விஸ்லர் போன்றவர்கள் காலத்தில் பரவியது. கரி நிறம் மங்காது, தாளில் இலேசாக அழுந்தி நிற்கும், சாய்த்துப் பிடித்தால் மின்னும், அதை அச்சில் போலியாக்குவது கடினம். தகட்டிலேயே வரையப்பட்டு, படத்தோடு சேர்ந்து அச்சான கையொப்பத்தைக் கையொப்பமாகக் கணக்கில் கொள்ளக் கூடாது; பட்டியலில் ‘கையொப்பமிட்டது’ என்று மட்டும் இருந்தால், பென்சிலிலா தகட்டிலா என்று கேட்டுத் தெளிய வேண்டும்.

12/50 என்பது ஐம்பதில் பன்னிரண்டாவது பிரதி. 1/50 கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று எண்ணிக் கூடுதல் விலை தருபவர்கள் உண்டு. பெரும்பாலான ஓவியர்கள் எல்லாத் தாள்களும் உலர்ந்த பிறகு மொத்தமாக அடுக்கி எண்ணிடுவதால், எடுத்த வரிசையும் எழுதிய வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டிரைபாயிண்ட் மட்டும் இதற்கு விலக்கு. அமிலமின்றிக் கூர்முனையால் நேரடியாகக் கீறும்போது கோட்டின் இருபுறமும் எழும் உலோகச் சிலும்புதான் அதன் மென்கருமைக்குக் காரணம். ஒவ்வொரு அழுத்தத்திலும் அது தேயும். ஆதலால் தகட்டுக்கு எஃகுப் பூச்சு கொடுக்காமல் எடுத்த டிரைபாயிண்ட்டில், வரிசைப்படி எண்ணிட்டிருந்தால், முன்னெண்ணுக்கு மதிப்பு உண்டு. எண்ணை விட்டுவிட்டு இரண்டு பிரதிகளை அருகருகே வைத்துக் கருமையைப் பார்ப்பது இன்னும் நல்லது.

எண்ணுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் இருக்கும் தாள்களும் வரும். ஏ.பி. அல்லது பிரெஞ்சு வழக்கில் ஈ.ஏ. என்றால் ஓவியர் தமக்காக வைத்துக்கொண்ட பிரதி; பதிப்பில், அதாவது எண்ணிட்ட பிரதிகளின் தொகுதியில், பத்து சதவீதம் அளவுக்கு இருப்பது மரபு. பி.பி. அச்செடுத்தவருக்குக் கொடுத்தது. எச்.சி. விற்பனைக்கு அன்றி, காட்டுவதற்காக எடுத்தது. அதுவும் பிற்பாடு விற்பனைக்கு வந்துவிடுகிறது. பி.ஏ.டி. என்றால் இதைப் போலவே மற்றவை அமைய வேண்டும் என்று ஓவியர் ஒப்புதல் தந்த மாதிரிப் பிரதி, அது ஒன்றே ஒன்றுதான் இருக்கும். சில பதிப்புகளில் ரோமன் எண்களில் தனி வரிசை வேறு இருக்கும். ஆகவே 50 என்று எழுதியிருக்கும் படத்துக்கு உண்மையில் அறுபதுக்கும் மேற்பட்ட தாள்கள் இருக்கலாம். இது மோசடி ஆகாது. ஆனால் மொத்தம் எத்தனை என்று விற்பவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஐம்பது பிரதிகளுக்கு முப்பது ஏ.பி. என்றால் நான் வேறு படம் பார்ப்பேன்.

சில தாள்களின் மூலையில் மையில்லாத அழுத்த முத்திரை ஒன்றைக் காணலாம். அது அச்சிட்ட பட்டறையின் அடையாளம். கையொப்பத்தைவிட அது சில சமயம் பயனுள்ளது, ஏனெனில் நல்ல பட்டறைகள் ஒவ்வொரு பதிப்புக்கும் பதிவேடு வைத்திருக்கும். கையொப்பத்தை மட்டும் நம்புவதன் ஆபத்துக்குப் பழைய உதாரணம் ஸ்பெயின் ஓவியர் சால்வதோர் தாலி: அவர் கையொப்பமிட்ட சுமார் 40,000 வெற்றுத் தாள்களை ஏற்றிவந்த வண்டியை 1974இல் பிரெஞ்சுச் சுங்க அதிகாரிகள் மறித்தனர். கையொப்பம் அசல், அதன் மேல் யார் என்ன அச்சிட்டாலும் கேள்வி கேட்க ஆளில்லை. பிற்காலத் தாலி அச்சோவியங்களை அனுபவசாலிகளே தயங்கித்தான் தொடுகிறார்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

இந்தத் தகட்டைச் செய்தவர் யார்? எந்தப் பட்டறையில், எந்த ஆண்டில், யார் அச்செடுத்தார்? பதிப்பு முழுவதும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டதா, தேவைக்கு ஏற்ப எடுத்துக்கொண்டே போகிறார்களா? எண்ணிட்டவை தவிர எத்தனை தாள்கள் உள்ளன? பதிப்பு முடிந்ததும் தகட்டை என்ன செய்தார்கள்? கடைசிக் கேள்வி மிக முக்கியம். மரபுப்படி தகட்டின் குறுக்கே ஆழமாகக் கீறி அதைச் செல்லாததாக்கி, கீறலோடு ஒரு பிரதி எடுத்து வைப்பார்கள். லித்தோ கல்லைத் தேய்த்து அடுத்த படத்துக்குப் பயன்படுத்துவார்கள். மரச்செதுக்கில் ஒரே கட்டையைப் படிப்படியாகச் செதுக்கி வண்ணம் சேர்க்கும் முறையில் கட்டையே தீர்ந்துவிடும், மறுபதிப்புக்கு வழியே இல்லை. பதிப்பைப் பிரித்துப் பிரித்து எடுப்பதில் தவறில்லை. இருபது எடுத்து விற்றபின் மீதி முப்பதை எடுக்கும் ஓவியர்கள் பலர் உண்டு. ஓவியர் மறைந்தபின் எடுக்கப்பட்ட பிரதியா என்பதை மட்டும் கட்டாயம் கேட்டுவிடுங்கள். குடும்பத்தார் முத்திரையிட்டு வெளியிடும் அத்தகைய பிரதிகளின் விலை வேறு.

இக்கேள்விகளுக்கு, “சார், இது ஆர்ட்டிஸ்டே சைன் பண்ணினது” என்று மட்டும் திரும்பத் திரும்பப் பதில் வந்தால், அது நீங்கள் கேட்காத கேள்விக்கான பதில். நுங்கம்பாக்கம், மயிலாப்பூர், அடையாறு பகுதிகளின் நல்ல காட்சிக்கூடங்களில் பதில் உடனே தெரியாவிட்டால் ஓவியரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்பார்கள். அந்தப் பதிலே நம்பிக்கை தருவது. சென்னை ஓவியர்கள் பலரை நேரில் சந்திப்பது எளிது என்பதால், கண்காட்சித் தொடக்க நாளில் அவர்களிடமே கேட்டுவிடலாம். தம் தகட்டைப் பற்றிப் பேசச் சலிக்கும் அச்சோவியரை நான் பார்த்ததில்லை.

லென்ஸை எடுங்கள்

நகை வேலைக்கான கருவிகள் விற்கும் கடைகளில் பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். அதைக் கண்ணருகே பிடித்து, தாளைத் தொடாமல் குனிந்து, வண்ணம் மெல்ல மாறும் ஓர் இடத்தைப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான பூவட்டங்களாகத் தெரிந்தால் அது ஆப்செட் அச்சு, காலண்டர் அச்சிடும் அதே முறை. வடிவம் ஏதுமின்றி நுண்துளிகள் தூவினாற்போல் தெரிந்தால் இங்க்ஜெட். லித்தோகிராப்பில் கல்லின் சொரசொரப்பில் பென்சில் பட்ட ஒழுங்கற்ற மணிமணியான தடம் தெரியும். ஸ்கிரீன் பிரிண்ட்டில் ஒவ்வொரு வண்ணமும் தனிப் படலமாக, ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் மேல் ஏறி நிற்பது தெரியும். எச்சிங்கில் கோட்டு மை தாளுக்கு மேல் சற்றே எழும்பியிருக்கும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் அதன் நிழல்கூட விழும்.

லென்ஸை வைத்துவிட்டுத் தாளைப் பாருங்கள். எச்சிங் என்றால் தகட்டின் பள்ளம் நான்கு பக்கமும் உண்டா? ஓரம் முழுமையாக இருக்கிறதா, பிரேமுக்காக நறுக்கியிருக்கிறார்களா? பழுப்புப் புள்ளிகள், நீர்க்கறை, மடிப்பு, மூலையில் டேப் ஒட்டிய மஞ்சள் தடம் ஆகியவை உள்ளனவா? பிரேம் போட்டு மாட்டியிருக்கும் படத்தைக் கழற்றிக் காட்டச் சொல்வது அநாகரிகம் என்று தயங்க வேண்டாம். பின்பக்கம் பார்க்காமல் வாங்குவதுதான் பிழை. இணையத்தில் வாங்கினால் நான்கு மூலைகள், கையொப்பம், பின்பக்கம் ஆகியவற்றின் அருகுப் படங்களையும், பக்கவாட்டு ஒளியில் எடுத்த ஒரு படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

விலையும் பில்லும்

விலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். கல்லூரி முடித்து வெளிவரும் இளம் ஓவியர்களின் படைப்பு சில ஆயிரம் ரூபாயிலேயே கிடைக்கும். பெயர் நிலைத்தவர்களின் அச்சோவியம் பல பத்தாயிரங்களில் தொடங்கி லட்சங்களைத் தொடும். ஒப்பிட்டுப் பார்க்க, சாஃப்ரன்ஆர்ட் போன்ற ஏல நிறுவனங்கள் வெளியிடும் பழைய ஏல முடிவுகளைப் பயன்படுத்தலாம். ஏலத்தில் கேட்கும் தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணமும் வரியும் சேரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து ஆண்டில் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால், அவரிடம் வாங்காதீர்கள்.

பில் கட்டாயம் வேண்டும். ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, அச்சு முறை, பிரதி எண், பதிப்பின் அளவு, தாளின் அளவு ஆகிய அனைத்தும் அதில் எழுதப்பட்டிருக்கட்டும். ஓவியங்களுக்கும் அசல் அச்சோவியங்களுக்குமான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் எந்தக் குறியீட்டு எண் போடப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள்: 9702 என்று போட்டுத் தருபவர், இது ஓவியர் கையால் செய்த தகட்டிலிருந்து வந்தது என்று எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறார். தனியே தரப்படும் நம்பகச் சான்றிதழைவிட இத்தகைய விவரமான பில்லுக்கே நான் அதிக மதிப்பளிப்பேன்; தங்க எழுத்தில் அச்சிட்ட சான்றிதழை யாரும் தயாரித்துவிடலாம். படத்தை வாங்கினாலும் அதன் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கிறது. வாழ்த்து அட்டையில் அச்சிட்டுக்கொள்ளும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது.

பிரேம் போடுவதும் சென்னைக் காற்றும்

வாங்கும்வரை எடுத்த கவனமெல்லாம் பிரேம் கடையில் ஒரு மணி நேரத்தில் வீணாகிவிடக்கூடும். சாமிப் படத்துக்கும் கல்யாணப் போட்டோவுக்கும் சட்டம் போட்டுப் பழகிய கடைக்காரர், தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சார், கீழ ஓரம் வெள்ளையா கிடக்கே, நறுக்கிட்டா படம் எடுப்பா தெரியும்” என்பார். அந்த வெள்ளை ஓரத்தில்தான் எண்ணும் கையொப்பமும் தகட்டின் பள்ளமும் இருக்கின்றன. நறுக்காமலே மடித்து உள்ளே தள்ளிவிடுவதும் உண்டு. அடுத்து, சுருங்காமல் நிற்கும் என்று பலகையில் முழுக்க ஒட்டித் தருவார். அதற்கும் மேல் போனால் லேமினேஷன். இம்மூன்றில் எது நடந்தாலும் படத்தின் சேகரிப்பு மதிப்பு அன்றோடு போயிற்று, திருப்பவும் முடியாது. அவர் மீது குற்றமில்லை. வேறு வகைப் படங்களுக்கு அது சரியான வேலைதான். எனவே என்ன வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வேலை நடக்கும்போது உடனிருப்பது நல்லது.

எழுதிக் கொடுக்க வேண்டியவை இவை. படத்தைத் தொடும் மவுண்ட் போர்டும் பின் அட்டையும் அமிலமற்றவையாக, பருத்தியால் ஆனவையாக இருக்க வேண்டும். பிளைவுட்டும் ஹார்டுபோர்டும் நேரடியாகத் தாளைத் தொடக் கூடாது, அவற்றிலிருந்து கசியும் அமிலம் சில ஆண்டுகளில் தாளைப் பழுப்பாக்கிவிடும். படத்தை மேல் விளிம்பில் இரண்டு இடங்களில் மட்டும், மெல்லிய ஜப்பானியத் தாள் துண்டுகளாலும் கோதுமை மாவுப் பசையாலும் தொங்கவிட வேண்டும். ஈரம் பட்டால் பிரியும் பசை என்பதால் பிற்காலத்தில் சேதமின்றி எடுக்கலாம். செலோடேப், பிரவுன் டேப், ஃபெவிகால் எதுவும் வேண்டாம். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே மவுண்ட்டின் தடிமன் அளவு இடைவெளி இருக்க வேண்டும். சென்னையின் மழைக்காலத்தில் கண்ணாடியின் உட்பக்கம் வியர்க்கும். ஒட்டியிருக்கும் தாள் கண்ணாடியோடு பிடித்துக்கொண்டால், பிரிக்கும்போது மையும் சேர்ந்தே வரும். முடிந்தால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் போடலாம்.

தாளுக்கு ஏற்ற ஈரப்பதம் சுமார் 45 முதல் 55 சதவீதம் என்பது காப்பகங்களின் கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அது எண்பதைத் தாண்டுவது சாதாரணம். எனவே மழைநீர் இறங்கும் வெளிச்சுவரிலும், குளியலறையை ஒட்டிய சுவரிலும் மாட்ட வேண்டாம், உள்சுவரே நல்லது. பிரேமின் கீழ் இரு மூலைகளிலும் பின்னால் சிறு கார்க் துண்டுகளை ஒட்டிவிட்டால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். ஏசியைப் பகலில் அணைத்து இரவில் போடும் அறையில் ஈரப்பதம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நிலையான மிதமான ஈரத்தைவிட இந்த ஏற்ற இறக்கம் தாளுக்குக் கெடுதல். மேற்கு வெயில் விழும் கூடத்தில் எந்த மையும் தாங்காது. அருங்காட்சியகங்கள் தாள் படைப்புகளுக்கு 50 லக்ஸ் அளவு ஒளியே அனுமதிக்கின்றன. வீட்டில் அவ்வளவு இருட்டாக வைக்க முடியாது, ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை படத்தை மாற்றி மாட்டி ஓய்வு கொடுக்க முடியும்.

மாட்டாத படங்களை, அமிலமற்ற பெட்டியிலோ கோப்பிலோ தட்டையாக வைத்து, இடையில் அமிலமற்ற மெல்லிய தாள் இட வேண்டும். செய்தித்தாளை இடையே வைக்கும் நம் வீட்டுப் பழக்கம் இங்கே உதவாது. ஸ்டீல் பீரோ நல்ல இடம், ஆனால் கீழ்த்தட்டு வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளங்களில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, அவ்வப்போது உலர்த்தியோ மாற்றியோ வாருங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பசையும் ஸ்டார்ச்சும் பிடிக்கும், கரையானுக்கு எல்லாமே பிடிக்கும். நாப்தலின் உருண்டைகளைத் தாளருகே போடக் கூடாது. ஏடுகளுக்கிடையே வசம்பு வைத்த முன்னோர் வழியைப் பின்பற்ற விரும்புவோர், அதைத் துணியில் முடிந்து பெட்டிக்கு வெளியே வைக்கலாம்; பொடி தாளில் பட்டால் கறைதான். தாளைத் தூக்கும்போது கழுவி உலர்ந்த கைகளால், எதிரெதிர் மூலைகளைப் பிடித்துத் தூக்குங்கள். பூசணம் கண்டால் துடைக்காதீர்கள். துடைத்தால் வித்துகள் பரவும். படத்தைத் தனியே எடுத்து உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, தாள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள்.

பதிவேடு

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பில்லில் உள்ள விவரங்களோடு, முன்பின் இரு பக்கப் படங்கள், வாங்கிய இடம், ஓவியரோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். பிரேமை மாற்றும்போது பழைய பின் அட்டையில் காட்சிக்கூடத்தின் சீட்டு ஒட்டியிருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் வெட்டியெடுத்துக் கோப்பில் வையுங்கள். அதுவும் சான்றே. போர்ட்போலியோவாக, அதாவது ஒரே உறையில் தொகுதியாக, வந்த படங்களைப் பிரித்து விற்பதும் பரிசளிப்பதும் கூடாது. உறையும் முகப்புத் தாளும் உட்பட முழுத் தொகுதிக்கு இருக்கும் மதிப்பு உதிரிகளைக் கூட்டினாலும் வராது. விற்க நேர்ந்தால், வருமான வரிச் சட்டத்தில் கலைப் படைப்பு தனிப்பட்ட உடைமை என்ற விலக்குக்குள் வராது, லாபத்துக்கு வரி உண்டு. வாங்கிய பில் இல்லாதவர் லாபத்தைக் கணக்கிட்டுக் காட்டத் திண்டாடுவார். வீட்டிலுள்ள ஒருவருக்காவது இந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். வெள்ளை ஓரத்தோடு பெட்டிக்குள் கிடக்கும் தாளைப் பார்த்து, அது என்னவென்று தெரியாமல் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வாய்ப்பிருப்பது இந்த வகைச் சேகரிப்பில்தான் அதிகம்.